சேலத்தில் உங்கள் தெருப் பூங்காவுக்கு அரசு நிதி வாங்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

சேலம் மாநகராட்சியின் பரப்பு 91.34 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி அதற்குள் சுமார் 8.29 லட்சம் பேர். ஓர் ஆளுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்று மத்திய அரசின் நகர்ப்புறத் திட்டமிடல் வழிகாட்டுதல் சொல்கிறது. குறைந்த கணக்கை எடுத்தாலும் 829 ஹெக்டேர் வருகிறது. நகரப் பரப்பில் ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்கு பூங்காவாகவோ மைதானமாகவோ ஏரிக்கரையாகவோ இருக்க வேண்டும். குகையிலும் அம்மாபேட்டையிலும் செவ்வாய்பேட்டையிலும் குடியிருப்பவர்களுக்கு இது எட்டாத கணக்கு. அங்கே வீட்டுக்குள்ளேயே தறி ஓடும், கொலுசுப் பட்டறை நடக்கும். காலை முதல் இரவு வரை அந்தச் சத்தத்துக்குள் இருக்கும் பெண்கள் காற்று வாங்கப் போக வாசற்படியை விட்டால் வேறு இடம் கிடையாது. பூங்கா என்பது வசதி படைத்த நகர்களுக்கான அலங்காரம் என்று யாராவது சொன்னால் இந்தத் தெருக்களுக்குக் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

அதே சமயம் புறநகர்ப் பக்கம் போனால், ஒவ்வொரு மனைப்பிரிவிலும் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடம் ஒன்று இருக்கிறது. இடுப்பளவு பார்த்தீனியம், ஒரு மூலையில் கட்டடக் கழிவு, துருப்பிடித்த சறுக்குமரம். கேட்டால் 'நிதி இல்லை' என்பார்கள். நிதி வரும் வழிகள் பல இருக்கின்றன. ஆனால் இடத்தின் ஆவணமும், ஒழுங்கான மதிப்பீடும், பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற ஏற்பாடும் இல்லாத இடத்துக்கு எந்த நிதியும் வராது. இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே போகிறது. பணத்தைப் பற்றி மட்டும் தெரிந்தால் போதும் என்று நடுப்பகுதிக்குத் தாவிவிடாதீர்கள். முதல் படியில் கோட்டை விட்டவர்களின் மனுதான் வருடக்கணக்கில் அலமாரியில் கிடக்கிறது.

படி 1: இடம் யார் பெயரில் இருக்கிறது?

மனுவோடு போனால் உதவிப் பொறியாளர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "இடம் மாநகராட்சி பேருக்கு வந்துருச்சுங்களா?" இதற்குத் தாளோடு பதில் சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

மனைப்பிரிவுப் பூங்காக்களை முதலில் பார்ப்போம். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 3,000 சதுர மீட்டருக்கு மேல் உள்ள மனைப்பிரிவில், சாலைகள் போக மீதிப் பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை உள்ளவற்றில் இடத்துக்குப் பதிலாக அதன் மதிப்பைப் பணமாகக் கட்டவும் வழி உண்டு. 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் இடமாகத்தான் கொடுக்க வேண்டும். இதைத்தான் ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) இடம் என்கிறார்கள். உங்கள் நகரில் பூங்காவே இல்லையென்றால், பணமாகக் கட்டிய மனைப்பிரிவாக இருக்கலாம். அதையும் வரைபட அனுமதிக் கோப்பில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

இப்போது உங்கள் வீட்டுக் கிரயப் பத்திரத்தை எடுங்கள். சொத்து விவரத்தில் மனைப்பிரிவு அனுமதி எண் இருக்கும். அந்த எண்ணை வைத்து உள்ளூர் திட்டக் குழுமத்திலோ மாநகராட்சியின் நகரமைப்புப் பிரிவிலோ அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகல் கேளுங்கள். வரைபடத்தில் 'பூங்கா' என்று குறித்த இடத்தின் சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு மூன்று இடங்களில் சரிபாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் அந்த எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டால் மாநகராட்சிக்கு எழுதிய தானப் பத்திரம் அதில் தெரிய வேண்டும். நகர நில அளவைப் பதிவேட்டில் மாநகராட்சியின் பெயர் ஏறியிருக்க வேண்டும். மாநகராட்சியின் சொத்துப் பதிவேட்டிலும் அந்த இடம் இருக்க வேண்டும்.

சிக்கல் பெரும்பாலும் இரண்டாவது இடத்தில்தான் வரும். தானப் பத்திரம் பதிவாகியிருக்கும், பட்டா மாறியிருக்காது. பதிவேட்டில் மனை போட்டவரின் பெயரோ அவருடைய தகப்பனார் பெயரோ அப்படியே நிற்கும். இப்படி விட்டுவைத்த இடங்களைத்தான் வாரிசுகள் பிறகு வீட்டுமனையாக விற்கப் பார்க்கிறார்கள். இதைக் கண்டால் மேம்பாட்டு மனுவை ஒத்திவைத்துவிட்டு, பட்டாவை மாநகராட்சி பெயருக்கு மாற்றச் சொல்லி ஆணையாளருக்கும் வட்டாட்சியருக்கும் தனி மனு கொடுங்கள். தானப் பத்திர நகலையும் வரைபட நகலையும் இணைத்துவிடுங்கள்.

தானப் பத்திரமே இல்லாத பழைய மனைப்பிரிவாக இருந்தாலும் மனம் தளர வேண்டாம். பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தை மருத்துவமனைக்குக் கொடுத்ததே செல்லாது என்று 1991-ல் பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. தமிழ்நாட்டில் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைப் பாதுகாக்க 1959-லேயே தனிச் சட்டம் போட்டார்கள். தன் எல்லைக்குள் இருக்கும் பூங்காக்களையும் திடல்களையும் உள்ளாட்சி பட்டியலிட வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அந்தப் பட்டியலில் உங்கள் இடம் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

வீட்டு வசதி வாரியக் குடியிருப்பு என்றால், வாரியம் பூங்காவை மாநகராட்சியிடம் ஒப்படைத்த கடிதம் வேண்டும். ஏரிக்கரை என்றால் ஏரி நீர்வளத்துறையுடையதா மாநகராட்சியுடையதா என்று பார்க்க வேண்டும். நீர்வளத்துறை ஏரியென்றால் அவர்களுடைய தடையின்மைச் சான்று இல்லாமல் கரையில் ஒரு பெஞ்சு கூடப் போட முடியாது. கோயில் நிலம் என்றால் அறநிலையத்துறை. அங்கே பூங்கா அமைப்பது நீண்ட வழி. வேறு இடம் இருந்தால் அதையே பாருங்கள்.

கடைசியாக அளவை. வேலி போடும் முன் சர்வேயரை வைத்து எல்லைக் கற்களைக் கண்டுபிடித்துவிடுங்கள். சங்கிலி பிடித்து அளந்துகொண்டே போனால் சில இடங்களில் கல் பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகைக்குள் இருக்கும், அல்லது யாரோ போட்ட தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் இருக்கும். ஆக்கிரமித்தவர் பெரும்பாலும் நாம் தினமும் முகம் பார்க்கிற ஆள்தான். வேலை தொடங்கிய பிறகு சண்டை வந்தால் ஒப்பந்ததாரர் மூட்டை கட்டிவிடுவார். முன்கூட்டியே நான்கு பெரியவர்களை வைத்துப் பேசி, அளவை வரைபடத்தில் சம்பந்தப்பட்டவர்களின் கையெழுத்தை வாங்கிவிடுவது நல்லது.

படி 2: என்ன வேண்டும் என்பதைத் தெருவில் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்

பெரும்பாலான மனுக்களில் 'பூங்கா அமைத்துத் தர வேண்டுகிறோம்' என்ற ஒரு வரிதான் இருக்கும். அப்படிக் கொடுத்தால் ஏற்கனவே கையில் இருக்கும் ஒரு மாதிரி மதிப்பீட்டையே உங்கள் இடத்துக்கும் பொருத்திவிடுவார்கள். சுற்றிலும் ஆளுயரச் சுவர், இடம் முழுக்க பேவர் பிளாக், நாலு உடற்பயிற்சிக் கருவி, வாசலில் பெரிய வளைவு. பணமெல்லாம் சுவருக்கும் வளைவுக்கும் போய்விடும், நிழல் மட்டும் இருக்காது.

காலையில் நடக்க வருபவர்கள், சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டி வரும் தாய்மார்கள், வேலை முடிந்து வரும் இளைஞர்கள், வயதானவர்கள் எல்லோரிடமும் கேளுங்கள். பெண்களைத் தனியாகக் கேளுங்கள். கூட்டத்தில் ஆண்கள் பேசி முடித்த பிறகு அவர்கள் வாய் திறப்பதில்லை. தனியாகக் கேட்டால் கழிப்பறை, வெளிச்சம், வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே தெரிகிற மாதிரி வேலி என்று மிகத் தெளிவாகச் சொல்வார்கள். சுவரை இரண்டடி உயரத்தோடு நிறுத்தி அதற்கு மேல் கிரில் வைத்தால் செலவும் குறையும், பாதுகாப்பும் கூடும்.

சேலத்து வெயிலுக்கு முதல் தேவை மரம். புங்கன், வேம்பு, மகிழம், பூவரசு, மருது இவையெல்லாம் நம் மண்ணில் நன்றாக வரும். மூன்றடிக்கு மூன்றடி குழி எடுத்து, கரடுமுரடான சுக்கான் மண்ணை அகற்றி, செம்மண்ணும் தொழுவுரமும் நிரப்ப வேண்டும் என்பதை மதிப்பீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் ஒரு முழக் குழியில் கன்றை நட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கொரியன் புல் கேட்காதீர்கள். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் ஊரில் அந்தப் புல்தரை இரண்டு கோடையைத் தாண்டாது.

சறுக்குமரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தகரச் சறுக்கு மேற்குப் பார்த்து இருந்தால், ஏப்ரல் மாதம் சாயங்காலம் நாலரை மணிக்கு அதில் கை வைக்க முடியாது. பிள்ளைகள் விளையாட வரும் நேரமும் அதுதான். வடக்குப் பார்த்து, மரநிழல் விழும் பக்கமாக வைக்கச் சொல்லுங்கள். ஊஞ்சலுக்கும் சறுக்குக்கும் அடியில் மணல் படுகை வேண்டும். கான்கிரீட் வேண்டாம். சக்கர நாற்காலி நுழையும் சாய்தளம் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பொது இடங்களில் அணுகும் வசதி கட்டாயம். இதை நாம் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை.

ஏற்கனவே நிற்கும் மரத்தை வெட்டித்தான் வேலை செய்ய வேண்டும் என்றால், மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி தேவை. வரைபடத்தை மாற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் முடியும்.

படி 3: எந்தப் பணம் உங்களுக்குப் பொருந்தும்?

முதலில் முடிந்துபோன ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சேலம் 2016-ல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது, பள்ளப்பட்டி ஏரி மேம்பாடு போன்ற வேலைகள் அதில் நடந்தன. அந்தத் திட்டம் 2025 மார்ச் 31-உடன் முடிந்துவிட்டது. இன்னமும் மனுவில் 'ஸ்மார்ட் சிட்டி நிதியிலிருந்து' என்று எழுதிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

தெருப் பூங்காவுக்கு மிகவும் கைக்கு எட்டும் வழி நமக்கு நாமே திட்டம். 1990-களில் வந்த திட்டம்தான். அதன் நகர்ப்புற வடிவம் 2021 டிசம்பரில் நம் சேலத்திலேயே தொடங்கி வைக்கப்பட்டது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு கொடுக்கும். நீர்நிலைச் சீரமைப்பு என்றால் மக்கள் பங்கு பாதி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பூங்கா மதிப்பீடு 12 லட்சம் ரூபாய் என்றால் மக்கள் பங்கு 4 லட்சம். 200 வீடுகள் இருக்கும் நகரில் வீட்டுக்கு 2,000 ரூபாய். அதையும் எல்லோரும் ஒரே மாதிரி கொடுக்க வேண்டியதில்லை. கடைக்காரர், மனைப்பிரிவில் சொந்தக்காரராக இருந்து வெளியூரில் வசிப்பவர், பக்கத்துப் பள்ளி, மில் என்று கேட்டால் வாடகை வீட்டுக்காரர்களின் சுமை குறையும். மூன்றில் ஒரு பங்கு என்பது ஜி.எஸ்.டி. உள்ளிட்ட மொத்த மதிப்பீட்டின் மேல் என்பதை மறந்துவிடாதீர்கள். வசூலை சங்கத்தின் வங்கிக் கணக்கில் மட்டும் வாங்குங்கள், ரசீது கொடுங்கள். தொகையை ஆணையாளர் பெயருக்குச் செலுத்தி ஒப்புகை வாங்குங்கள். இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. காசு சேர்க்க முடிந்த நகருக்குப் பூங்கா முந்தி வந்துவிடுகிறது, அன்றாடம் காய்ச்சிகள் இருக்கும் தெரு பின்னால் நிற்கிறது. அந்தத் தெருக்களுக்கு அடுத்துச் சொல்லும் வழிகளே சரி.

கலைஞர் நகர்ப்புர மேம்பாட்டுத் திட்டம் ஆண்டுக்கு 1,000 கோடி ரூபாய் என்ற அளவில் 2021-ல் அறிவிக்கப்பட்டது. பூங்கா, நீர்நிலை, சந்தை, அறிவுசார் மையம், மயானம் எல்லாம் அதன் வரம்பில் வரும். இதில் மக்கள் பங்கு கிடையாது. ஆனால் மாநகராட்சிதான் பணிகளைப் பட்டியலிட்டு அரசுக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பட்டியலில் உங்கள் பூங்காவைச் சேர்க்க வைப்பதுதான் உங்கள் வேலை. அதற்குக் கவுன்சிலர் வேண்டும், மண்டலக் குழுத் தலைவர் வேண்டும்.

நகரங்களின் குடிநீர், கழிவுநீர் போன்ற அடிப்படை வசதிகளுக்கான மத்திய அரசின் அம்ருத் திட்டம் 2015-ல் தொடங்கியபோது பூங்காக்களுக்கு ஒதுக்கீட்டில் 2.5 சதவீதம் வரை கொடுக்க இடம் வைத்திருந்தது. 2021 அக்டோபர் 1-ல் வந்த அம்ருத் 2.0-இல் முக்கியத்துவம் குடிநீருக்கும் கழிவுநீருக்கும் போய்விட்டது. நீர்நிலைப் புத்துயிர்ப்பும் பசுமைவெளியும் ஒரு பகுதி. ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் வரை மக்கள்தொகை உள்ள சேலம் போன்ற நகரங்களுக்கு மத்திய பங்கு மூன்றில் ஒன்று. தெருப் பூங்காவுக்கு இதில் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது, மாநிலம் தயாரிக்கும் நீர்ச் செயல்திட்டத்தில் பணி இடம்பெற வேண்டும். ஆகவே ஏரியும் ஏரிக்கரைப் பூங்காவும் சேர்ந்த பெரிய பணிக்கு மட்டும் இந்த வழியை யோசியுங்கள். நிதி இன்னும் பாக்கி இருக்கிறதா என்பதை மாநகராட்சிப் பொறியியல் பிரிவில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

மத்திய நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி உள்ளாட்சிகளுக்கு வரும் மானியத்தைப் பலர் கவனிப்பதில்லை. 15-வது நிதி ஆணையக் காலத்தில், அதாவது 2021-22 முதல் 2025-26 வரை, நம்மைப் போன்ற நகரங்களுக்கு வந்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், துப்புரவுக்கென்று கட்டுண்டது, 40 சதவீதம் கட்டுப்பாடில்லாதது. சம்பளம், நிர்வாகச் செலவு தவிர அந்த ஊரின் தேவை எதுவோ அதற்குச் செலவிடலாம். கட்டுண்ட பகுதியில் கூட மழைநீர் சேகரிப்பு வரும். 2026-27 முதல் 16-வது நிதி ஆணையத்தின் காலம். புதிய நிபந்தனைகளை உங்கள் கவுன்சிலர் மூலம் கேட்டு வாங்குங்கள்.

சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. வேலி, நடைபாதை, விளக்கு, விளையாட்டுக் கருவி போன்ற நிலைத்த சொத்துகளுக்கு இது பொருந்தும். எம்.பி. நிதியில் 15 சதவீதம் பட்டியல் சாதியினர் வாழும் பகுதிக்கும், 7.5 சதவீதம் பழங்குடியினர் பகுதிக்கும் போக வேண்டும். உங்கள் தெரு அப்படிப்பட்ட பகுதியென்றால் கடிதத்தின் முதல் வரியிலேயே அதைக் குறிப்பிடுங்கள். யாரிடம் போவது என்பதிலும் கவனம் வேண்டும். மாநகருக்குள் சேலம் மேற்கு, வடக்கு, தெற்கு என்று மூன்று தொகுதிகள். தெரு ஒன்றுதான், இந்தப் பக்கம் ஒரு தொகுதி, எதிர்ப்பக்கம் வேறு தொகுதி என்றும் இருக்கும். பரிந்துரைக் கடிதம் கிடைத்தாலும் நிர்வாக அனுமதி கொடுப்பது மாவட்ட ஆட்சியர். அந்தக் கோப்பையும் பின்தொடர வேண்டும்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி அரசுப் பணம் இல்லை, ஆனால் சட்டம் கட்டாயப்படுத்தும் பணம். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவின்படி, 500 கோடி நிகர மதிப்போ 1,000 கோடி விற்றுமுதலோ 5 கோடி நிகர லாபமோ உள்ள கம்பெனி தன் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். சுற்றுச்சூழல் அதில் அனுமதிக்கப்பட்ட துறை. சேலம் உருக்காலை, பொட்டனேரியில் உள்ள ஜே.எஸ்.டபிள்யூ. ஆலை போன்ற பெரிய ஆலைகள் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. நிதியாண்டின் தொடக்கத்திலேயே எழுதுங்கள். பிப்ரவரியில் போனால் அந்த ஆண்டின் பணம் வேறு எங்காவது ஒதுக்கப்பட்டிருக்கும்.

வனத்துறை வழியும் உண்டு. நகர வனம் என்ற மத்தியத் திட்டத்தில் ஹெக்டேருக்கு 4 லட்சம் ரூபாய் கொடுக்கிறார்கள். ஒரு ஹெக்டேருக்குக் குறைந்த இடத்துக்கு வராது. 2022-ல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் நாற்றங்கால்களில் கன்றுகள் கிடைக்கும். சின்னப் பூங்காவுக்கு அதுவே போதும்.

படி 4: மனு

ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். இப்படி எழுதலாம்:

'பெறுநர்: ஆணையாளர் அவர்கள், சேலம் மாநகராட்சி. பொருள்: சூரமங்கலம் மண்டலம், வார்டு எண் __, __ நகர் பூங்கா இடம் (நகரளவை எண் __, பரப்பு __ சதுர மீட்டர்) மேம்படுத்த மதிப்பீடு தயாரித்து நிதி ஒதுக்கக் கோருதல். ஐயா / அம்மையீர், மேற்படி இடம் __ எண்ணுள்ள தானப் பத்திரம் மூலம் மாநகராட்சிக்கு ஒப்படைக்கப்பட்டு, நகர நில அளவைப் பதிவேட்டில் மாநகராட்சி பெயரில் உள்ளது. எல்லைகள் __ தேதியில் அளந்து காட்டப்பட்டுள்ளன, ஆக்கிரமிப்பு இல்லை. சுற்றிலும் __ குடும்பங்கள் வசிக்கின்றன. __ தேதி கூட்டத்தில் முடிவான தேவைகள் பட்டியல் இணைப்பில் உள்ளது. பணி முடிந்ததும் அன்றாடப் பராமரிப்பில் எங்கள் சங்கம் பங்கேற்கும் என்ற தீர்மானமும் இணைக்கப்பட்டுள்ளது. நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்கைச் செலுத்தத் தயாராக உள்ளோம்.'

கடைசி வரி உங்கள் நிலைமைக்கு ஏற்ப. இணைப்பில் வரைபடம், பத்திர நகல், பதிவேட்டு நகல், இடத்தின் நான்கு பக்கப் புகைப்படம், தீர்மானம், கையெழுத்துகள். சங்கம் பதிவு செய்யப்பட்டதாக இருந்தால் பதிவுச் சான்று. மனுவைக் கொடுத்துவிட்டு முத்திரையும் எண்ணும் தேதியும் போட்ட ஒப்புகை இல்லாமல் வெளியே வராதீர்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும், 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணிலும் ஒரு பதிவு போட்டு வைக்கலாம். அதற்காக அதை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது. சுற்றிச் சுற்றி மனு அதே உதவிப் பொறியாளரின் மேசைக்குத்தான் வரும்.

படி 5: பகுதி சபை, மாமன்றம், பட்ஜெட்

2022-ல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு வார்டுக்கும் வார்டு குழுவும், அதன் கீழ் பகுதி சபைகளும் உண்டு. முதல் பகுதி சபைக் கூட்டங்கள் அந்த ஆண்டு நவம்பர் 1-ல் நடந்தன. அந்தப் பகுதியின் வாக்காளர் எல்லோருமே சபை உறுப்பினர். கூட்டத்துக்குப் பத்துப் பேராவது போய், பூங்காக் கோரிக்கையைத் தீர்மானமாக எழுதச் சொல்லி, எழுதியதை வாசிக்கக் கேட்டுவிட்டு வாருங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்னது கூட்டக் குறிப்பில் ஏறாது.

மாநகராட்சி பட்ஜெட் பிப்ரவரி, மார்ச்சில் வரும். அதற்கான பணிப் பட்டியல்கள் அதற்கு முன்பே மண்டல அலுவலகங்களில் தயாராகிவிடும். அக்டோபர், நவம்பருக்குள் உங்கள் காகிதங்கள் போய்ச் சேர்ந்திருந்தால் நல்லது. கவுன்சிலர் எந்தக் கட்சி என்று பார்க்காதீர்கள். அஸ்தம்பட்டியோ கொண்டலாம்பட்டியோ, உங்கள் மண்டலக் கூட்டத்தில் எழுந்து பேச வேண்டியவர் அவர்தான். அவர் கையில் ஒரு பக்கக் குறிப்பைக் கொடுத்து அனுப்புங்கள்.

படி 6: மதிப்பீடும் வேலையும்

பொறியாளர் இடத்தைப் பார்த்து, பொதுப்பணித்துறை விலைப்பட்டியலின்படி மதிப்பீடு போடுவார். பிறகு நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, மாமன்றத் தீர்மானம், டெண்டர், பணி ஆணை. டெண்டர்கள் 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் கீழ் வரும். மாநில டெண்டர் இணையதளத்தில் உங்கள் வார்டு எண்ணைப் போட்டுத் தேடிப் பாருங்கள்.

மதிப்பீட்டின் நகலைக் கேட்டு வாங்கி, அதை வைத்துக்கொண்டே வேலையைப் பாருங்கள். நடைபாதையில் கல்லுக்கு அடியில் எத்தனை அங்குலம் ஜல்லி, வேலிக் கம்பத்துக்கு எவ்வளவு ஆழக் குழி, பெஞ்சு எத்தனை என்று எல்லாம் எழுதியிருக்கும். நகரில் ஓய்வுபெற்ற மேஸ்திரியோ ஓவர்சீயரோ நிச்சயம் ஒருவர் இருப்பார், அவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். குறை தெரிந்தால் அன்றைக்கே புகைப்படத்தோடு எழுதிக் கொடுங்கள். அளவுப் புத்தகத்தில் பதிவாகிப் பில் போன பிறகு சொன்னால் யாரும் திரும்பி வர மாட்டார்கள்.

பதிலே வரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 'ஏன் செய்யவில்லை' என்று கேட்காமல், ஆவணத்தைக் கேளுங்கள்: இந்தத் தேதி மனு மீதான கோப்புக் குறிப்புகளின் நகல், இந்த வார்டில் கடந்த மூன்று ஆண்டுகளில் பூங்காவுக்கு ஒதுக்கிய தொகையும் செலவான தொகையும், மதிப்பீட்டின் நகல். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

படி 7: திறப்பு விழாவுக்கு அடுத்த நாள்

மேலே சொன்ன நிதிகள் பெரும்பாலும் கட்டுவதற்குக் கொடுப்பவை. தண்ணீர் ஊற்றவும் கூட்டிப் பெருக்கவும் வாட்ச்மேனுக்கும் மோட்டார் மின்கட்டணத்துக்கும் மாநகராட்சியின் சொந்த வருவாயிலிருந்துதான் வர வேண்டும். அங்கே எப்போதும் பற்றாக்குறை. கட்டிய பூங்காக்கள் இரண்டே வருடத்தில் பூட்டுப் போட்டுக் கிடப்பதற்கு இதுதான் காரணம்.

அதனால் மதிப்பீடு போடும்போதே மூன்று வருடக் கன்றுப் பராமரிப்பைச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். மாநகராட்சியும் சங்கமும் செய்யும் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் யார் என்ன செய்வது என்று வரி வரியாக எழுதுங்கள். கதவு திறப்பது, மூடுவது, குப்பை, பல்பு, தண்ணீர். மகளிர் சுய உதவிக் குழுவிடம் பராமரிப்பைக் கொடுப்பது நல்ல ஏற்பாடு. அவர்களுக்கு மாத வருமானம், பூங்காவில் எப்போதும் பெண்கள் நடமாட்டம் இருக்கும். பூட்டுச் சாவியை ஒரே வீட்டில் வைக்காதீர்கள். அந்த வீட்டார் ஊருக்குப் போனால் பூங்கா மூடியே கிடக்கும், கொஞ்ச நாளில் அது அவர்களுடைய தோட்டம் மாதிரி ஆகிவிடும்.

மூக்கனேரியைப் பாருங்கள். 2010-ல் சேலம் மக்கள் குழு அதைக் கையில் எடுத்தபோது அரசின் அனுமதியும் இருந்தது, மக்களின் காசும் உழைப்பும் இருந்தன. ஏரிக்குள் மண் திட்டுகள் எழுப்பி மரம் வைத்தார்கள், பறவைகள் வந்தன. தொடர்ந்து பார்த்துக்கொள்ள ஆள் இருந்ததால்தான் அந்தத் திட்டுகளில் மரம் நின்றது.

ஏற்காட்டுக்காரர்களுக்கு

மேலே சொன்னதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. ஏற்காடு மாநகராட்சியும் இல்லை, நகராட்சியும் இல்லை. மலைக் கிராமங்கள் ஊராட்சி ஒன்றியத்தின் கீழ் வருகின்றன. அந்தக் கிராமங்களுக்கு நகர்ப்புறத் திட்டங்களை மனுவில் எழுதினால் கோப்பு அங்கேயே திரும்பிவிடும். அண்ணா பூங்கா, ஏரிப் பூங்கா, தாவரவியல் பூங்கா ஆகியவை தோட்டக்கலைத் துறையின் பொறுப்பு, அவற்றில் குறை இருந்தால் தோட்டக்கலை துணை இயக்குநருக்கு எழுதுங்கள். கோடை விழாவுக்கு முன்னால் மட்டும் வேலை நடக்கிறது என்ற ஆதங்கம் மலையில் எல்லோருக்கும் உண்டு. ஆகவே விழா முடிந்ததும், ஜூனிலேயே, அடுத்த ஆண்டுக்கான கோரிக்கையைக் கொடுங்கள்.

பயணிகள் பார்க்கும் பூங்காக்களைத் தாண்டி, மலைக் கிராமப் பிள்ளைகள் விளையாட ஒரு சமதளம் வேண்டும் என்பதுதான் அங்கே உண்மையான தேவை. அதற்குக் கிராம சபைத் தீர்மானம், ஊராட்சிக்கான நிதி ஆணைய மானியம், எம்.எல்.ஏ., எம்.பி. நிதி ஆகியவை வழி. ஏற்காடு பழங்குடியினருக்கான தனித் தொகுதி. ஆனால் நாடாளுமன்றத்துக்கு அது கள்ளக்குறிச்சித் தொகுதியில் வருகிறது. சேலம் எம்.பி. அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் காத்திருந்தவர்கள் உண்டு. பழங்குடியினர் பகுதிக்கான 7.5 சதவீதத்தை எடுத்துச் சொல்லி கள்ளக்குறிச்சி எம்.பி.க்கு எழுதுங்கள்.

மண்ணை வெட்டிச் சமன் செய்யும் முன் இன்னொன்று. சேர்வராயன் மலைக் கிராமங்கள் 1990-ல் அமைந்த மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாட்டில் வருகின்றன. இடம் வன எல்லையை ஒட்டியிருந்தால் வனத்துறையின் கடிதமும் வேண்டும். சரிவை வெட்டாமல், ஏற்கனவே தட்டையாக இருக்கும் அரசுப் புறம்போக்கைத் தேடிப் பிடிப்பது நல்லது. கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டைப் பார்த்தால் எந்த எண்ணில் அப்படிப்பட்ட இடம் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.